ஜெயபாரதி சேர்த்த உப்பு

ஜெயபாரதியைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய அப்பாவைத் திட்டாமல் என்னால் எழுத முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜரத்தினம் நல்லவர், கைசுத்தமானவர், தி.நகர் உஸ்மான் ரோட்டில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அந்த நல்லவர்தான் என் சிநேகிதியின் தலையில் கல்லைப் போட்டார். போட்டதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, போட்டோ பிடித்துக் கடையில் மாட்டியும் வைத்திருக்கிறார்.

நான் ஆலிஸ். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜெயாவும் நானும் அதே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் வாத்தியார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூட யாராவது யாரையாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஜெயா வீடு அப்படி இல்லை. அவள் அப்பா சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து, தலையில் துணி மூட்டை சுமந்து விற்று, பிறகு மனைவி பெயரில் 'தங்கபுஷ்பம் ஜவுளி ஸ்டோர்' என்று கடை வைத்தவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குள் நுழைந்தாலும் புதுத் துணியின் கஞ்சி வாசனைதான் அடிக்கும்.

அவர் கடையில் துணி கிழிக்கிற விதமே தனி. மீட்டர் கோலை வைத்து அளந்து, அளவு முடிகிற இடத்துக்கு அப்பால் நாலு விரல் தள்ளித்தான் கத்தரி வைக்க வேண்டும். அந்த நாலு விரல் கடையின் கொசுறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் பாவாடைத் துணியில் ஒரு விரல் குறைத்துக் கிழித்துவிட்டான் என்று, அன்றைக்கே அவனைத் திருநெல்வேலி ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். துணி வாங்கிய அம்மாள் வீட்டுக்கே ஆளனுப்பி வேறு துணி கொடுத்தார். இந்தக் கதையை அவரே எனக்கு ஏழெட்டுத் தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜெயா பி.இ. எலெக்ட்ரிகல் முடித்தாள். வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். முடித்தவுடன் எம்.இ. சேர்கிறேன் என்றாள். எழுபத்தொன்றாம் வருஷம் அது. தெருவே மூக்கில் விரல் வைத்தது. ராஜரத்தினம் மட்டும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. படிப்பு இல்லை, அந்தப் பெயர். "என் மவ எம்.இ. படிக்கா" என்று சொல்லும்போது அவர் குரல் கல்லாவிலிருந்து வாசல் வரை போகும். வேட்டி எடுக்க வந்தவரிடம் சொல்வார், சரக்கு இறக்க வந்த சூரத் ஏஜெண்டிடம் இந்தியில் சொல்ல முயற்சி செய்வார், பால்காரரிடம் சொல்வார். என்ன படிக்கிறாள் என்று யாராவது திருப்பிக் கேட்டால், "கரண்டு" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

என்ன படித்தாள் என்று நான் சொல்கிறேன். கரண்டுக் கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு, கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கினாற்போல் பீங்கான் இருக்குமே, அதைத்தான் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். கடலோர ஊர்களில் காற்றோடு வரும் உப்பு அந்தப் பீங்கான்மேல் படிகிறது. காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவு இல்லை. பனியில் நனைந்ததும், கம்பியோடு போக வேண்டிய கரண்டு பீங்கான்மேல் ஓடிப் படீரென்று வெடிக்கிறது. ஊர் இருட்டாகிறது. எத்தனை மாதத்தில் எவ்வளவு உப்பு சேர்கிறது, எவ்வளவு சேர்ந்தால் பீங்கான் கையை விரிக்கிறது, இதுதான் அவள் கேள்வி. மெட்ராஸுக்கு எவ்வளவு தேவையான கேள்வி என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மந்தைவெளியிலும் அடையாறிலும் மெழுகுவத்தி இல்லாத வீடு உண்டா?

உப்பு படிய வேண்டுமானால் பீங்கானைக் கடலோரத்தில் வைக்க வேண்டும். அதற்கு இடம் தேடிக் கொடுத்தது நான். என் பெரியப்பா மரியதாஸ், சயன்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருவான்மியூரைத் தாண்டிக் கொட்டிவாக்கத்தில் மணலுக்கு நடுவே மாடியோடு ஒரு வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். கடல் அவர் வீட்டு வாசலில்தான். எழுபத்திரண்டு தை மாதம், மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, அந்த மொட்டை மாடியில் மரச்சட்டம் அடித்து, கழுவித் துடைத்த பீங்கான்களை ஜெயா வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. இடையில் ஒவ்வொன்றாக இறக்கி, கல்லூரியில் கொண்டுபோய்ச் சோதிப்பாள். ஆனால் முக்கியமானவை கடைசிவரை கிடக்க வேண்டியவை. தையிலிருந்து புரட்டாசி வரை உப்பைக் குடித்துக்கொண்டு கிடந்து, வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன்னால் இறங்க வேண்டும். ஆடி ஆவணித் தூறலுக்குத் தாங்கும், ஐப்பசி அடைமழை பிடித்தால் போச்சு, அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி அடையாறு போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, மிச்சத்தை மணலில் நடந்து போவாள். பல சனிக்கிழமைகள் நானும் போனேன். பீங்கானின் ஓரத்தை, கணக்கில் சேராத ஒரு மூலையை, விரலால் லேசாகத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "ஏறிக்கிட்டே இருக்குடி ஆலிஸ்" என்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன அன்றைக்குக்கூட.

ஆமாம், மாப்பிள்ளை. கனகராஜ் என்று பெயர், நந்தனத்தில் வீடு, பாத்திரக்கடைக் குடும்பம், அவனும் ஒரு பி.இ. பெண் பார்க்க வந்தபோது அவன் ஜெயாவிடம் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப வீட்ல அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் ஆனா நீயே பார்த்துக்குவியா?" கேட்டுவிட்டு அவனே சிரித்தான். சேர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் அம்மாவுக்கு எம்.இ. மருமகள் மேல் அப்படியொரு ஆசை. அந்த அம்மாளுடைய நாத்தனார் ஒரு பி.ஏ. மருமகளைக் கொண்டுவந்து பீற்றிக்கொண்டிருந்தாளாம், அவள் வாயை அடைக்க வேண்டுமாம். ஆனால் கல்யாணமான பிறகு மருமகள் காலேஜுக்கு பஸ் ஏறிப் போவது நன்றாக இருக்காது என்றும் அந்த அம்மாளே சொல்லிவிட்டாள். அடுத்த தையில் கல்யாணம். அதற்குள் படிப்பை முடித்துக்கொள்ள வேண்டும். ராஜரத்தினம் தலையாட்டிவிட்டார்.

ஜெயா மாட்டேன் என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். புரட்டாசியில் பீங்கானை இறக்கினால் மார்கழிக்குள் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிடலாம். இடித்துப் பிடித்துச் சரியாக இருந்தது. அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், மழை முந்திக்கொண்டு வந்துவிடக் கூடாது. தினமும் ரேடியோவில் வானிலை கேட்டாள்.

மழை வரவில்லை. ஆயுத பூஜை வந்தது.

அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. முதல் நாளே கடை முழுக்க ஒட்டடை அடித்து, அலமாரி அலமாரியாகத் துடைத்து, மீட்டர் கோல்களை எண்ணெய் போட்டு மினுக்கி, கத்தரி, கல்லாப்பெட்டி, தையல் மெஷின், கார் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஜெயாவின் புத்தகங்களும், கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலும் பூஜையில் போய்விட்டன. அன்றைக்குத் தொடக் கூடாது. அடுத்து வரும் சனிக்கிழமை பீங்கான்களை இறக்க கல்லூரி வேனுக்குச் சொல்லி வைத்துவிட்டு, அவள் அம்மாவுக்குச் சுண்டல் தாளித்துக் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அப்பாவும் டிரைவர் கபாலியும் காரை எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் ராஜரத்தினம் ஜெயாவைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏ பிள்ளே ஆலிஸ், நீயும் ஏறு. ஒரு அதிசயம் காட்டுதேன்" என்றார். வாயெல்லாம் பல். ஜெயா எனக்கு ஜாடை காட்டினாள், எனக்கும் தெரியாது என்று. கார் அடையாறு பாலத்தைத் தாண்டித் திருவான்மியூர்ப் பக்கம் திரும்பியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகிக்கொண்டே போனது.

மொட்டை மாடியில் அவளுடைய பீங்கான்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அத்தனையும் பளபளவென்று கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், மரச்சட்டத்துக்கு மாவிலைத் தோரணம், ஆளுயரத்துக்கு ஒரு சாமந்தி மாலை. மூலையில் உடைத்த பூசணிக்காய். தி.நகரிலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து போட்டோ வேறு எடுத்தார்களாம்.

"பாத்தியாட்டி?" என்றார் ராஜரத்தினம். "கடைச் சாமானுக்கெல்லாம் பூஜை போடுதோம், எம் பிள்ளை படிக்கிற சாமான் மட்டும் அழுக்கேறிப் போயி அனாதையா கெடக்கு. மனசு கேக்கல. நேத்தே வந்து ஜமாய்ச்சிட்டம்லா."

கபாலி தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டான். "இன்னா அழுக்கு கீது தெரியுமாம்மா! தண்ணி ஊத்துனா போவல. புளியப் போட்டு, சாம்பலப் போட்டு, தேங்கா நார்ல தேச்சிக்கினே இருந்தேன். அந்தச் சீட்டெல்லாம்கூட பிச்சிப் போட்டுட்டேன், அசிங்கமா ஒட்டிக்கினு இருந்துச்சு."

ஜெயா சட்டத்துக்குக் கிட்டே போனாள். ஒரு பீங்கானை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுத்ததைத் தொட்டாள். அதற்கடுத்ததையும் தொட்டாள். எல்லாவற்றிலும் சந்தனம்தான் இருந்திருக்கும். திரும்பி வந்து, "அப்பா, அந்த அழுக்குதாம்பா நான் சேத்தது" என்றாள்.

"என்னது?"

"அந்த உப்பு. தையிலேருந்து சேத்துக்கிட்டு இருந்தேன். அதை வெச்சுத்தான் நான் எழுதணும்."

அதற்கு ராஜரத்தினம் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உப்புதானே? இதுக்கா மூஞ்சியத் தூக்குத? தூத்துக்குடியில நம்ம மச்சான் உப்பளத்துல சொன்னா, லாரியிலயே வந்து எறங்கும். எத்தனை மூட்டை வேணும்னு சொல்லு."

எனக்கு வந்த ஆத்திரத்தை அவர்மேல் காட்ட முடியாமல் கீழே இறங்கிப் பெரியப்பாவிடம் காட்டினேன். "நீங்க சயன்ஸ் வாத்தியார்தானே? ஒன்பது மாசமா மாடியில என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது? தடுக்கத் தோணலையா?" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பூஜைன்னு வந்தாரும்மா. நாம சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. வேண்டாம்னு சொன்னா வேற மாதிரி எடுத்துக்குவாரேன்னு சங்கடமாப் போச்சு" என்றார். சங்கடப்பட்டதோடு நிற்காமல் கிணற்றிலிருந்து தண்ணீரும் இறைத்துக் கொடுத்திருக்கிறார். மரியாதை மரியாதை என்றே எங்கள் குடும்பம் பாழாய்ப் போனது. அன்றைக்கு அது அடுத்த வீட்டுப் பெண்ணையும் பாழாக்கியது.

ஜெயா வீட்டுக்குத் திரும்பினோம். ஜெயா அழவில்லை. கூடத்தில் நின்றுகொண்டு, "இன்னொரு வருஷம் குடுங்கப்பா. இந்த மழை போனதும் மறுபடி தொங்க விட்டு, அடுத்த புரட்டாசியில எடுத்துடுவேன்" என்றாள். கெட்டுப்போனதைச் சரிக்கட்ட இவ்வளவுதான் தேவை. ஒரு வருஷம்.

"தை தேதி குறிச்சாச்சேம்மா" என்றார் அவர்.

"தள்ளி வைங்க."

"நல்லாச் சொன்ன போ. கனகராஜ் வீட்டுல என்ன நினைப்பாவ?"

தங்கபுஷ்பம் அம்மாள் சமையலறை வாசலில் நின்று, "ஏட்டி, இருக்குற படிப்பு பத்தாதா? பூஜைக்குப் போட்ட சந்தனத்தப் பாத்து அபசகுனமாப் பேசாத" என்றாள். ராஜரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். விஜயதசமியன்று புதுக்கணக்கு, வாடிக்கைக்காரர்கள் வருவார்களாம். அப்போதுதான் ஜெயா அழுதாள். கூடத்தில் நின்றபடியே, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள்.

கழுவியதை நான் மன்னித்துவிடுவேன். அது தெரியாமல் செய்தது, ஆசையில் செய்தது. ஆனால் இந்த ஒரு வருஷத்தை இல்லை என்று சொன்னாரே, அது தெரிந்தே சொன்னது. அதற்குத்தான் இன்றுவரை எனக்கு அவரைக் கண்டால் உடம்பு எரிகிறது.

மிச்சமிருந்தது பேராசிரியர் மார்க்கபந்து. அவருடைய கல்லூரியின் பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித் தர எனக்கு விருப்பம் இல்லை. மயிலாப்பூர்க்காரர். ஜெயாவின் வேலைக்கு வழிகாட்டி என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாரே தவிர, கொட்டிவாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வெயில் ஒத்துக்கொள்ளாதாம். நான் லீவு போட்டுவிட்டு ஜெயாவோடு போனேன். வராந்தாவில் நின்றேன், கதவு திறந்தே இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நம்மாத்துல கூட சரஸ்வதி பூஜைன்னா ஒரு பேப்பரைத் தொட விடமாட்டா. அதுக்கென்ன இப்போ? முன்னாடி எடுத்த பீங்கான் கணக்கு இருக்கோல்லியோ? அந்தக் கோட்டை அப்படியே மேல இழுத்துண்டு போ. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் இதே மாதிரி கோடு போட்டிருக்கான், அவனோடதைப் பார்த்துண்டு கொஞ்சம் வளைச்சுக்கோ. புரட்டாசிக்கு இவ்வளவு உப்புன்னு எழுதிடு. யாரு வந்து நக்கிப் பார்க்கப் போறா?"

"நான் பாக்காத உப்பை எப்படி சார் எழுதறது?" என்றாள் ஜெயா.

"கல்யாணம் பண்ணிண்டு போகப்போற பொண்ணுக்கு இவ்வளவு வேதாந்தம் எதுக்கு? டிகிரி வேணுமா, வேண்டாமா?"

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும், படிக்க வேண்டிய கட்டு ஒன்று குறைந்தது. எனக்கு அந்த அறைக்குள் போய் அவர் மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மழைக்காலத்தின் முதல் தூறல் விழுந்தது. ஜெயா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இனிமே பெஞ்சா என்ன" என்றாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கல்யாணப் பட்டுக்கு ஆள் போனது, நகைக்கு ஆள் போனது. மார்கழியில் பத்திரிகை கொடுக்கக் கூடாது என்பதால், கார்த்திகைக் கடைசியிலேயே ராஜரத்தினம் பத்திரிகை அச்சடித்துவிட்டார். உஸ்மான் ரோடு முழுக்கக் கடை கடையாகத் தானே ஏறி இறங்கிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க நான் அந்த வாரம் அவர் கடைக்குப் போயிருந்தேன். சேலைக்கென்று மீட்டரில் கிழிக்கிற மெல்லிய வாயில் துணி ஒன்றை அவரே பிரித்துக் காட்டினார். காட்டிக்கொண்டே ஒரு பத்திரிகையை எடுத்து, "படிச்சுப் பாரு டீச்சரம்மா" என்று நீட்டினார். மணமகன், கனகராஜ், பி.இ. அதற்குப் பக்கத்தில் மணமகள். தங்க எழுத்தில், செல்வி ஜெயபாரதி, எம்.இ.

நான் வாயைத் திறப்பதற்குள், பின் கதவைத் திறந்துகொண்டு ஜெயா கடைக்குள் வந்தாள். அவள் கையிலும் ஒரு பத்திரிகை இருந்தது. அம்மா கொடுத்திருப்பாள்போல. கடையில் நல்ல கூட்டம். அவள் நேராகக் கல்லாவுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, அஞ்சரை மீட்டர்னு சீட்டு ஒட்டின சேலையில அஞ்சு மீட்டர்தான் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "நம்ம கடையில அது நடக்காதே. அப்படி வித்தவன் எவனா இருந்தாலும் அன்னைக்கே ரயிலேத்திருவேன்."

"இதை வித்தது யாரு?" பத்திரிகையைக் கல்லாமேல் வைத்தாள். "நான் எம்.இ. இல்லப்பா. இருந்த சரக்கு பி.இ.தான். அளவைக் கூட்டிச் சீட்டு ஒட்டியிருக்கீங்க."

துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். ராஜரத்தினத்தின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. "மெதுவாப் பேசுட்டி. ரெண்டு எழுத்துதானே... கனகராஜ் அம்மாவும் அப்படித்தான் போடச் சொன்னாவ. எப்படியும் படிச்சேல்லா?"

"படிச்சது போதாது. முடிக்கணும். ஒண்ணு, இந்த ரெண்டு எழுத்தை அடிச்சுட்டு எல்லாருக்கும் வேற பத்திரிகை குடுங்க. இல்ல, எனக்கு அந்த வருஷத்தைக் குடுங்க. ரெண்டும் முடியாதுன்னா, இனிமே இந்தக் கடையில மீட்டர் கோலைக் கையில எடுக்காதீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கல்லாமேல் பத்திரிகை கிடந்தது, பக்கத்திலேயே மீட்டர் கோல். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் சேலைத் துணியை அளந்தார். நாலு விரலுக்குப் பதில் ஆறு விரல் தள்ளிக் கிழித்தார்.

மறுநாள் நந்தனம் போய்க் கல்யாணத்தை அடுத்த தைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். உடனே அவரைப் பாராட்டக் கிளம்பிவிடாதீர்கள். எழுத்தை அடித்து வேறு பத்திரிகை கொடுத்தால் உஸ்மான் ரோடே கேட்கும், ஏன் அண்ணாச்சி அடிச்சீங்க என்று. வருஷத்தைத் தள்ளினால் யாரும் கேட்க மாட்டார்கள். பெண்ணின் ஜாதகத்தில் குரு பலன் இன்னும் வரவில்லை, ஜோசியர் சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னார். துணியில் ஒரு விரல் குறைக்காத மனுஷர் குருவை வைத்து இஷ்டத்துக்குப் புளுகினார். கனகராஜின் அம்மாவும் ஏற்றுக்கொண்டாள். அவளும்தானே எம்.இ. மருமகள் என்று ஏற்கெனவே நாத்தனாரிடம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள், இப்போது பி.இ. என்று எப்படி இறங்குவது? ஆக, அந்த இரண்டு எழுத்து எல்லோருக்கும் வேண்டியிருந்தது. மகள் கூடத்தில் நின்று கேட்டபோது கொடுக்க முடியாத வருஷத்தை, அவர் தன் மீட்டர் கோலுக்குக் கொடுத்தார்.

எப்படி வந்தால் என்ன, வருஷம் வந்தது. மழை ஓய்ந்ததும் ஜெயா மறுபடி பீங்கான்களைத் தொங்கவிட்டாள். சனிக்கிழமைகள் மறுபடி தொடங்கின. அடுத்த ஆயுத பூஜையன்று நாங்கள் இரண்டு பேரும் காலையிலேயே கொட்டிவாக்கத்துக்குப் போய், அந்த மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் காவல் உட்கார்ந்தோம். பெரியப்பாவைக் கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். மத்தியானம் கபாலி வந்தான். கையில் வாளி எதுவும் இல்லை, தூக்குச்சட்டியில் சுண்டல் மட்டும்தான் என்று பார்த்த பிறகே மேலே விட்டேன். "இன்னாம்மா, என்னியப் போயி சந்தேகப்படுறியே" என்றான். பீங்கான்கள் சாம்பல் பூத்து, சொரசொரவென்று, பார்க்கச் சகிக்காமல் தொங்கின. ஜெயா ஒரு ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, என் நாக்கிலும் வைத்தாள். கரித்தது.

அந்த உப்பை அவள் எழுதினாள். பார்த்த உப்பை மட்டும் எழுதினாள். மார்க்கபந்து ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவர் அதைப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தையில் கல்யாணம் நடந்தது, எம்.இ. என்று போட்ட பத்திரிகையோடு. இப்போது நந்தனத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போகிறாள். மாமியார் கொஞ்ச நாள் முனகிவிட்டு, பிறகு "எங்க மருமக லெக்சரர்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கனகராஜ் அயர்ன் பாக்ஸைக் கடையில்தான் ரிப்பேருக்குக் கொடுக்கிறான்.

போன மாதம் நானும் அவளும் கடைக்குப் போயிருந்தோம். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு அந்தப் போட்டோ தொங்குகிறது. முதல் ஆயுத பூஜையன்று எடுத்தது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, கழுவித் துடைத்துப் பளபளக்கும் பீங்கான்கள். பக்கத்தில் ராஜரத்தினம் கைகூப்பி நிற்கிறார். யாரோ ஒரு அம்மாள் துணி வாங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, இது எந்த ஊர்க் கோயில்?" என்று கேட்டாள்.

"கோயில் இல்ல தாயி. எம் மவ எம்.இ. படிச்ச சாமானு. நான் அன்னைக்குப் பூஜை போட்டேன், அவ பாஸாயிட்டா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போய்ச் சொல்லேன்டி" என்று ஜெயாவின் இடுப்பில் இடித்தேன். "அதுல ஒரு துளி உப்பு இல்ல, அது நீ படிச்சதே இல்லன்னு சொல்லேன்."

அவள் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன படிச்சேன்னு அவர் கேக்கட்டும்டி, சொல்றேன்" என்றாள்.

அவர் இன்றுவரை கேட்கவில்லை.